கிணற்றில் பச்சைத் தண்ணீர்

மார்ச் 4

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். பின்வேலிக்கு அப்பால் பன்றிப் பண்ணை வந்த அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்? இப்போது என் தங்கச்சி மகளின் எட்டு மாதக் குழந்தைக்கு ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை வயிற்றுப்போக்கு. மடியில் போட்டால் ஈரத்துணி மாதிரி கிடக்கிறது. டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார். காரணம் எனக்குத் தெரியும்: நாற்றம். இருநூறு பன்றி என்றால் சும்மாவா!

மார்ச் 6

சுகாதார அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஏழாவதோடு நின்றவன் எழுதியது நான்கு பக்கம்! வெறும் நாற்றம் என்றால் மூலையில் போட்டுவிடுவார்கள். அதனால் கண்ணால் கண்டதையும் சேர்த்தேன்: பிப்ரவரி 20, விடியற்காலை ஐந்தரை மணி, பண்ணைக் கழிவுக்குழியின் சுவர் கசிந்து கறுப்புத் தண்ணீர் எங்கள் கிணற்றுப் பக்கம் ஓடியது. படித்த குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டார். சரி, பாதி எழுந்தார்.

மார்ச் 11

சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுப் பெண், ரப்பர் பூட்ஸ். ஸ்கூட்டரில்தான் வந்தார், பக்கத்து வீட்டில் ஜீப் என்று சொல்லியிருக்கிறேன். பன்றிகளை எண்ணினார். ஐம்பத்தெட்டு.

"இருநூறுன்னு எழுதியிருக்கீங்க?"

"நான் கால்களையும் சேர்த்து எண்ணியிருப்பேன்மா."

அவர் சிரிக்கவில்லை. "நாத்தம்னு இந்தத் தெருவுல இருந்து பதினோரு மனு வந்திருக்கு. கசிவைப் பார்த்தேன்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான். அதை நம்பித்தான் சாயம் கொண்டாந்திருக்கேன்."

கெடுதல் இல்லாத பச்சைச் சாயத்தைக் கழிவுக்குழியில் கரைத்துவிட்டார். குழி கசிந்தால் நம் கிணற்றில் பச்சை தெரியுமாம். அதுவரை குழந்தைக்கு வேறு தண்ணீர். ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். பண்ணைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "போன வருஷம்தானேம்மா குழி கட்டினேன்..."

மார்ச் 12

தண்ணீர் தெளிவு.

மார்ச் 13

தெளிவு. நாலு தடவை இறைத்துப் பார்த்தேன். பண்ணைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

மார்ச் 14

பச்சை! வாளி மேலே வந்தது, பச்சை! நான் போட்ட சத்தத்தில் பன்றிகள் பதில் கொடுத்தன.

மார்ச் 19

பரிசோதனை முடிவு வந்தது. தண்ணீர் நிறையக் கிருமி. கிணற்றை மூடிவிட்டார்கள். பண்ணைக்காரர் பழைய குழியைக் காலி செய்து, தெருவை விட்டுத் தள்ளிப் புதிதாகக் கட்ட வேண்டும். மனிதர் முணுமுணுக்கவில்லை. தினமும் காலையில் அவரே தோளில் தண்ணீர் கேன் சுமந்து வந்து வைக்கிறார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்று ஆறு நாள். இன்று என் விரலைக் கடித்தது! ஆய்வாளரம்மா நூறு வருஷம் இருக்கட்டும். நானும்தான்.

மார்ச் 21

தங்கச்சி மகள் ஆய்வாளரின் அறிக்கை நகலைப் படித்தாள். என் மனுவும் அதில் இருந்தது.

"பிப்ரவரி இருபதாம் தேதியே பார்த்தீங்களா மாமா?"

"இந்த ரெண்டு கண்ணால!"

"அப்புறம் பத்தொன்பது நாள் அந்தத் தண்ணியிலதானே பால் பவுடர் கரைச்சேன். நீங்கதானே மொண்டு குடுத்தீங்க?"

ஆமாம், நான்தானே மொண்டு கொடுத்தேன்.

மார்ச் 22

குழந்தையை என்னிடம் தரவில்லை. நான் நெருங்கினால் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்து என்னத்துக்கு?

மார்ச் 24

ஒரு கையால் எழுதுகிறேன். இன்னொரு கையில் குழந்தை தூங்குகிறது.

காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன். "இதாவது நிஜமா?" என்றாள். தலையாட்டினேன். அழுதுகொண்டே சிரித்தாள். கேன் இறக்க வந்த பண்ணைக்காரரிடமும் சொன்னேன். "பச்சை வராம இருந்திருந்தா என் கதி என்னண்ணே?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு அலுவலகம். ஆய்வாளரம்மா மனுவை எடுத்து, "சாயம் பொய் சொல்லாது, தப்பிச்சீங்க" என்று சொல்லி அந்த வரியை அடித்தார். பக்கத்தில் நானே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எழுதினேன், எந்த ஜோடனையும் இல்லாமல்:

பிப்ரவரி 20 விடியற்காலையில் நான் எதையும் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்.