பெட்டிக்குச் சில்லு மாற்றியாயிற்று

அன்புள்ள தேவகி மச்சாள்,

சில்லை அப்போதே மாற்றியிருந்தால் நீ இன்னும் எத்தனை தரம் நாயாற்றுக்குப் போயிருப்பாய்? யோசித்துப் பார்க்கிறேன்.  கணக்குக் கிடைத்தாலும் இனி யாரிடம் சொல்வது?

உன் பெட்டி கிளிநொச்சியில் செல்வம் அண்ணையின் கராஜில் மூன்று நாள் நின்றது. பிக்கப்பில் கொளுவி இழுத்துக்கொண்டு போய், அதற்குள்ளேயே சமைத்துப் படுத்து, ஊர் ஊராகச் சனத்துக்குக் கண் பார்த்துக் கண்ணாடி கொடுத்தாயே, அதே பெட்டி. அதற்கு நாங்கள் போட்டிருந்தவை சின்னக் கார்ச் சில்லுகள். தார் றோட்டுக்குப் போதும். நாயாற்றுப் பக்கம் திரும்பினால் மணலில் அச்சு வரை புதையும்.

பெரிய சில்லு போடச் சொல்லி நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். பெட்டி நாங்கள் இருவரும் சேர்ந்து செய்வித்தது; என் சம்மதமும் வேண்டியிருந்தது, நான்தான் கொடுக்கவில்லை. அரசாங்கம் போடாத றோட்டுக்கு நாங்கள் ஏன் சில்லு மாற்றவேண்டும், முதலில் றோட்டைப் போடட்டும் என்பது என் நியாயம். கந்தோர் கந்தோராக மனு எழுதினேன். நீ சிரிப்பாய்: "எடி மச்சாள், உன்ர மனுவில ஏறி நாயாறு போகேலாது. சில்லு வேணும்."

போன மாரியில் பாதி வழியில் புதைந்து, உழவு இயந்திரம் பிடித்து இழுப்பித்துத் திரும்பி வந்தாய். அடுத்த மாதமே சுகமில்லை, வருத்தம் என்று படுத்தாய். எழும்பவில்லை. நாயாற்றுச் சனத்துக்கென்று நீ செய்வித்து வைத்த பதினொரு கண்ணாடிகளும் மேசை லாச்சிக்குள் அப்படியே கிடந்தன. ஒவ்வொரு கூட்டிலும் உன் கையெழுத்தில் ஒரு பேர்.

இப்போது சில்லு பெரிது. ரயர் அகலம், ஆழமான வெட்டுகள். நட்டு ஓட்டைகள் பொருந்தாமல் ஹப்பையும் மாற்றினார்கள். பிறகு ரயர் மட்காட்டில் உரசியது. வில்லுத்தகட்டுக்கு மேலே இருந்த அச்சைக் கீழே மாற்றி, பெட்டியை ஒரு சாண் உயர்த்தினார்கள். "இனி யானை போற இடமெல்லாம் போகும், தங்கச்சி" என்று செல்வம் அண்ணை சில்லுகளுக்கடியில் கண்ணூறு கழிக்கத் தேசிக்காய் வைத்தார். வேறு நாளென்றால் கேலி செய்திருப்பேன். 

எனக்கு இதில் நம்பிக்கையில்லை, மச்சாள். கண் பார்க்கிற ஆள் இல்லாமல் பெட்டி எதற்கு? றோட்டு அப்படியே கிடக்கிறது. என் மனுக்களும் எங்கேயோ கிடக்கும். தோற்றுப்போய்த்தான் சில்லு மாற்றினேன். ஆனாலும் பதினொரு கண்ணாடிகளையும் அந்தந்த ஆளின் கையில் கொடுப்பேன். அது மட்டும் சத்தியம். நாளைக் காலை செல்வம் அண்ணையோடு நாயாற்றுக்குப் போகிறேன்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பெட்டி ஓரிடத்திலும் புதையவில்லை. நீ திரும்பி வந்த இடம் எது என்று கேட்பதற்குள் தாண்டிவிட்டோம். மீன் வாடிகளுக்கு முன்னால் நிறுத்தினால், முதல் கூட்டில் பேர் இருந்த பாக்கியம் அம்மாவால் பெட்டிப் படியில் கால் வைக்க முடியவில்லை. முழங்கால் நோக்காரர் ஏறவேண்டும் என்றுதான் நீ பெட்டியை நிலத்தோடு பதிவாகச் செய்வித்தாய். உயர்த்தும்போது எங்களில் ஒருவருக்கும் அந்த நினைவு வரவில்லை. நீ நின்றிருந்தால் முதலில் படியைத்தான் கேட்டிருப்பாய்.

"பிள்ளை, என்னைத் தூக்கி ஏத்தக் கிரேனும் கொண்டந்தனீங்களோ?" என்றா.

கண்ணாடியைக் கீழே கொண்டுவந்து, மணலில் வைத்தே போட்டுவிட்டேன். கடலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றா.

"வடிவாத் தெரியுது. கண் பாக்கிற பிள்ளை எங்க? இன்னும் இறங்கேல்லையோ?"

சொன்னேன். அவா கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டா.

எட்டுப் பேரிடம் கொடுத்தேன். மூன்று பேர் வேறிடம் போய்விட்டார்களாம். அவர்களையும் தேடிக் கொடுப்பேன்.

அந்த மணல்பாதை முழுவதையும் கடக்க இருபது நிமிடம்தான் எடுத்தது, மச்சாள். வெறும் இருபது நிமிடம்.

சில்லை மாற்ற விடாத உன் மச்சாள்,
வசந்தி
உருத்திரபுரம்