வாசலில் ஒரு நோட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? காலையில் தலை எண்ணும் வரிசையில் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், வீறாப்பு வேண்டாம். நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். அனுமதி வாங்கி அகதி முகாமை விட்டு வந்து இந்த வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் நாள், டீ குடிக்கப் போகும்முன் வாட்ச்மேனிடம், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? கதவு தெறந்துதானே இருக்கு."

நான் நகரவில்லை. பாவம், மனிதர் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தார். முகாம் வாசலில் எழுதுவதுபோலவே எட்டு மாதமாகப் போகும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் அதில் எழுதினேன். ஆபீஸே சிரித்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே; என் தொட்டிலை முகாமில்தானே கட்டினீர்கள்.

நேற்று வக்கீலம்மா அந்த நோட்டைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"இருபத்தாறு வருஷம் அடைச்சு வெச்சா மனுஷங்க என்ன ஆவாங்கன்னு பத்துப் பக்கம் எழுதினேன். இது போதும்" என்றார். முகாமைத் திறக்கச் சொல்லும் நம் மனுவோடு அதையும் சேர்த்துவிட்டார்.

இன்று நோட்டு இல்லை. டீக்காக வாசல்வரை போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மனுவுக்கு உங்கள் முகாம் அட்டையின் நகல் வேண்டும். கூடவே ஒரு தாளில், "போயிட்டு வா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் அப்பா. அப்புறம் யாரிடமும் கேட்க மாட்டேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகள்