உங்கள் பக்கம் சாய்ந்த கார்

ஏனுங்க,

உங்களைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. இப்போது மட்டும் எதற்குப் புதிதாக? இப்படிக் கூப்பிட்டால்தான் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள்.

ஒரு சேதி. நான் கார் ஓட்டுகிறேன். கோழித்தீவனம் விற்க நாமக்கல்லைச் சுற்றிப் பண்ணை பண்ணையாக நீங்கள் ஓட்டினீர்களே, அதே வெள்ளைக் கார். நீங்கள் போன பிறகு உறை போட்டு நின்றுகொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கூட வந்ததெல்லாம் காலேஜ் பிள்ளைகள். ஆன்ட்டி, ஆன்ட்டி என்று ஓயாமல் பேசினார்கள். லைசென்ஸ் வாங்கியதும் அந்தப் பேச்சும் நின்றுபோயிற்று.

ஓட்டப் பழகினேனே தவிர, வண்டி எனக்கு வாய்க்கவில்லை. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் தூக்கிப் போட்டது. இடுப்பு வலி வந்து படுத்துவிட்டேன். இந்தக் காரை இப்படியே ஓட்டினால் எழுந்து நடக்க மாட்டீர்கள் என்றார் டாக்டர். நம் மகன் பிரபு பெங்களூரிலிருந்து பேசினான்.

“அதைய வித்துப்போட்டு இங்க வந்துருங்கம்மா. தனியாக் கெடந்து என்ன பண்றீங்க?”

“யோசிக்கிறேன் சாமி.”

அவன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் அங்கே நான் வந்தவள்தானே? இங்கே வெறிச்சோடிக் கிடந்தாலும் நம் வீடு.

விற்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்று பரமத்தி ரோட்டில் மெக்கானிக் செந்திலின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் எட்ட நின்று வண்டியைப் பார்த்தார்.

“டிரைவர் பக்கம் எறங்கியிருக்குதுங்க அக்கா. அண்ணன் நல்ல பாரமான ஆளுங்களா?”

“ஆமாங்க.”

“அதான். இத்தன வருசம் அவுரு உக்காந்து உக்காந்து அந்த ஸ்பிரிங் அமுங்கிப்போச்சு.”

தினமும் துடைத்த கார். நான் இதைப் பார்க்கவே இல்லையே.

கையில் அதிகம் இல்லை என்றேன். “இருக்கறதுக்குள்ள பண்ணலாங்க. நாலு ஷாக் அப்சார்பரும் நல்ல கேஸ் ஷாக்கா மாத்திரலாம். முன்னாடி ஸ்பிரிங் ரெண்டையும் ஜோடியா மாத்தோணும். தேஞ்ச ரப்பரெல்லாம் புதுசு போட்டரலாம். பின்னாடி ஸ்பிரிங் நல்லாருக்குது, கெடக்கட்டும். புது வீல் கீல்னு ஆராச்சும் சொன்னாக் கேக்காதீங்க.”

“அவரு பக்கத்து ஸ்பிரிங்கை மட்டும் அப்படியே உட்டுட முடியாதுங்களா?”

“அப்புறம் வண்டி கோணலாத்தான் நிக்கும். ஏனுங்கக்கா?”

“சும்மா கேட்டேன்.”

பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, மாற்றுங்கள் என்றேன். கழற்றிய உங்கள் பக்கத்து ஸ்பிரிங்கைத் தரையில் வைத்தபோது குனிந்து தொட்டேன். மண்ணும் துருவுமாக இருந்தது. பழைய இரும்புக்கே போட்டுவிடச் சொன்னேன். கோபமில்லையே உங்களுக்கு?

நேற்று மோகனூர் வரை தனியாகப் போனேன். வண்டி நேராக நிற்கிறது. கடகடவென்ற சத்தம் போய்விட்டது. இடுப்புக்கு நிம்மதி. ஆனால் உள்ளே ஒரே அமைதி. அந்தச் சத்தமாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது. காவிரியில் நிறையத் தண்ணீர் போகிறது. அதை யாரிடம் சொல்வது?

திரும்பும்போது ஒரு வேகத்தடை. ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே “புடிச்சுக்க புள்ள” என்பீர்களே, அது என்னை அறியாமல் என் வாயில் வந்தது. “புடிச்சுக்கங்க” என்றேன், பக்கத்துச் சீட்டைப் பார்த்து. வண்டி அலுங்காமல் ஏறி இறங்கியது. யாரும் எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஓரமாக நிறுத்தி அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இண்டிகேட்டர் போட்டு, ரோட்டுக்கு வந்தேன்.

பிரபுவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். “பாத்து ஓட்டுங்கம்மா” என்றான்.

பார்த்துத்தான் ஓட்டுவேன். எங்கே போனாலும் இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவேன். நீங்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி,
சரசு