குணத்தின் பிரெஞ்சுத் தளபதி

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பஸ்ஸில் ஸ்காபரோவின் மில்லிக்கன் பகுதி, மறைந்த நண்பன் குணத்தின் வீடு. 16ஆம் திகதி அவனது அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அன்று கொடுக்கும் நினைவுமலர் என் பொறுப்பு. பதிகங்கள், வம்சாவளி, நன்றியுரை தயார். மிச்சம் பிரெஞ்சுக்காரர்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற குணம், நூலகத்தில் பிரெஞ்சு படித்து, பதினெட்டாம் நூற்றாண்டுக் கடற்படைத் தளபதி ஒருவரின் வாழ்வை எழுதினான். ஏன் என்று கேட்டால், "எங்கட திருகோணமலையில நங்கூரம் போட்ட மனுசனடா." எங்கும் அச்சாகவில்லை. இனி இந்த மலர்தான்.

மகன் பிரதீபன் மறுப்பு. "இது அப்பான்ர மெமோரியல், அங்கிள். ஆரோ பிரெஞ்ச்காரன்ர கதையைப் போட்டால் சனம் சிரிக்கும்."

அடுப்படியிலிருந்து தாய் தேவி: "சிரிக்கட்டும். நானும் சிரிச்சனான்தானே."



நவ. 6, வியாழன்

முழங்கால் வலி. மாத்திரை வாங்க வேண்டும்.

பிரதீபன் போனில்: "ரெண்டு பேஜ், அங்கிள். அவ்வளவுதான்."

குணம் எழுதியது தடித்த புத்தகமளவு. வெட்டினேன். சிறுவயதில் கப்பல். ஆங்கிலேயரிடம் கைதி. பிரபுக் குடும்பமில்லை, அதனால் பதவி உயர்வு பிந்தியது. திருகோணமலையில் காய்ச்சல், ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பிழைத்தாராம். ஆதாரம் இல்லை. அதை வெட்டவில்லை. கடைசிப் பயணம் இந்து சமுத்திரம். கப்பல் திரும்பவில்லை.

ஒரு வசனம் விளங்காமல் குணத்துக்குப் போன் எடுக்கக் கை போனது.

நவ. 11, செவ்வாய்

முதல் பனி. நிலத்தில் நிற்கவில்லை. தேவியுடன் அச்சகம். அச்சகத் தம்பி, வழக்கம்போல, தளபதியின் ஓவியத்துக்கும் மாலை போட்டு, குத்துவிளக்கு வைத்து, கீழே 'தோற்றம்', 'மறைவு'.

"அங்கிள், இவரின்ர செத்த திகதி தரேல்லை."

"தம்பி, செத்தது இவரில்லை. மாலையை எடும்."

தேவி சிரித்தார். குணம் போனபின் முதல் தடவை. சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை. கதிரை கொடுத்தோம்.

"இவருக்கு ஆரும் கிரியை செய்தவையோ, அண்ணை?"

"தெரியாது. உடல் கிடைக்கேல்லை. என்ன நாளெண்டும் தெரியாது."

"அப்ப மாலை இருக்கட்டும்."

பத்திரிகைகளில் வேலை செய்த காலம் முழுக்க, தெரியாத திகதியை நான் போட்டதில்லை. 'மறைவு' வெறுமையாகவே அச்சுக்குப் போனது.

நவ. 16, ஞாயிறு

வெயில், கடும் காற்று. ஸ்காபரோ மண்டபம். நல்ல சனம். பலர் மலரை விரிக்கவில்லை. சிலர் கதிரையில் வைத்து இடம்பிடித்தார்கள். பிரதீபன் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாப்பாட்டு வரிசையில், கண்ணாடி கொண்டுவராத அன்ரி ஒருவர், தளபதியின் பக்கத்தைத் தேவியிடம் நீட்டி: "உந்த வெள்ளைக்காரர் ஆர் பிள்ளை? சம்பந்தியோ?"

பிரதீபன் வாய்திறக்க முன் தேவி: "இல்லை அன்ரி. எங்கட வீட்டில என்ர மனுசனோடை இருந்தவர்."

"அவரும் போயிட்டாரோ?"

"ஓம். அவரும்."

அன்ரி மலரை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வரிசை நகர்ந்தது.