கராஜ் கதவில் மூன்று தட்டு

குளிர் பொறுக்காத அண்ணாவுக்கு,

உன் படத்துக்கு மாலை போட்ட பிறகும், கராஜுக்கு மேலே இருக்கும் உன் அறையைச் சூடாக்கும் ஹைற்சுங்கை அணைக்க அம்மா விடுவதில்லை. அறைக்கு நல்ல சூடு. பில்லைப் பார்த்த அப்பாவுக்கு அதைவிடச் சூடு. ஆனால் அம்மாவிடம் அதைக் கதைக்க அவருக்குத் துணிவில்லை. அதனால் ஆராவ் நகரக் கடையில் குளிர் தடுக்கும் நுரைப்பலகை வாங்கிவந்து கராஜின் தகரக் கதவுக்கு உட்புறம் ஒட்டினார். நான் கையாள்.

முடிந்ததும், "வெளியில போய்த் தட்டிப் பார், பிள்ளை" என்றார். அம்மாவைப் பயப்படுத்த நாங்கள் தட்டுவோமே, இரண்டு தட்டு, பொறுத்து ஒன்று, அப்படியே ஓங்கித் தட்டினேன். உள்ளே ஒன்றும் கேட்கவில்லையாம்.

"இனிப் பேய்க்கும் பிழைப்பில்லை அப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு உள்ளே வந்து, கழன்ற மூலைப் பலகையை நான் இரு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். அப்பா பக்கத்தில் நின்றார். அப்போது வெறும் தகரத்தில் தட்டியதுபோல் தெளிவாகக் கேட்டது. இரண்டு தட்டு. பொறுத்து ஒன்று.

அப்பா என் கைகளைப் பார்த்தார்.

உன்னைத் தம்பி என்று கூப்பிடும் அதே குரலில் மேலேயிருந்து அம்மா கேட்டார்: "ஆரது, தம்பியோ?"

செய்த குறும்பையெல்லாம் மறுக்கிறவள், செய்யாத இதை ஏற்றுக்கொண்டேன். "நான்தான் அம்மா."

அப்பா கத்தியை எடுத்து, சத்தம் வந்த இடத்துப் பலகையை வெட்டிக் கழற்றினார். இப்போது அந்த வழியாகத்தான் குளிர் வருகிறது. நீயும் வருவதென்றால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வா. தரை துடைப்பது நான்.

உன் பழியையும் சேர்த்துச் சுமக்கும்
தங்கச்சி