நட்சத்திரத்தின் முகப்பரு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் கண்டுபிடித்ததாகச் சொன்ன கிரகம், கிரகமே இல்லையாம். அந்த இளம் நட்சத்திரத்தின் ஒளி மங்கியதும், குறுக்கே கிரகம் போகிறது என்று நினைத்துவிட்டேன். மங்கியது அதன் முகத்திலிருந்த கரும்புள்ளியால். தொலைநோக்கியை இயக்கும் ஓஸ்வால்டோ சிரித்தான்: "வயசுப் புள்ளைக்கு மூஞ்சில பரு வராதா? அதுக்குப் போயி பேரு வச்சிருக்கியே."

வைத்தது உங்கள் பெயரைத்தான். நம் ஊர் காஸ்ட்ரோவின் மீன் சந்தையில் சொல்லியிருந்தால், எப்படியாவது சமாளியுங்கள்.

கொஞ்சம் காய்ந்த சிப்பி அனுப்புங்கள். இந்தப் பாலைவனத்தில் மழையே கிடையாது. நம் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தை ஃபோனில் பதிந்து அனுப்பினால், பகலில் தூங்கிவிடுவேன்.

தொலைநோக்கிக்குப் போகும் வேன் வந்துவிட்டது. நேற்று இன்னொரு நட்சத்திரமும் மங்கியது. வைத்த பெயர் அதேதான், இந்த முறை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மில்லாராய்