நன்றாக இருக்கும் நாளில் ஒரு விடுப்பு

டீச்சர், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று ஆண்டுக்கொரு முறை போய்க் காட்ட வேண்டும். அதற்கான காகிதங்களைத் தேடி நேற்று பழைய கோப்பைப் பிரித்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு வெள்ளைத்தாள் மடியில் விழுந்தது. ஒரு விடுப்பு விண்ணப்பம். 'பெறுநர்' முதல் 'தங்கள் உண்மையுள்ள' வரை உங்கள் கையெழுத்து. நடுவில் ஒரே ஒரு வரி என்னுடையது. கீழே தலைமையாசிரியரின் பச்சை மைக் கையொப்பம். நான் பணி ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேட்டு வாங்கி வந்த தாள் இது. அன்று பொன்னாடையைவிட இதைத்தான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் தமிழ், நீங்கள் கணக்கு. பத்தொன்பது ஆண்டுகள் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எட்டாம் வகுப்புக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுத் தருவது என் பாடத்தில் வரும். நாற்பது பிள்ளைகளும் 'காய்ச்சல் காரணமாக' என்றே எழுதுவார்கள். அவர்களைச் சொல்லி என்ன, எங்கள் விண்ணப்பங்களும் அப்படித்தான் இருந்தன. தாராபுரத்தில் இருந்த என் மாமா ஒருவர் என் விண்ணப்பங்களில் இரண்டு முறை காலமாகியிருக்கிறார்.

ஆண்டுக்குப் பன்னிரண்டு தற்செயல் விடுப்பு. நாங்கள் அதைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் என்று பொத்திப் பொத்தி வைப்போம். நீங்கள் மட்டும் மாதத்துக்கு ஒன்று எடுப்பீர்கள், அதுவும் யாருக்கும் எந்தக் குறையும் இல்லாத நாளாகப் பார்த்து. காரணம் என்ற இடத்தில் 'ஓய்வு தேவைப்படுவதால்' என்று எழுதுவீர்கள். முதன்முறை அதைப் படித்த தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், ஓய்வுன்னா எழுதுவாங்க? காய்ச்சல்னு எழுதுங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்."

"காய்ச்சல் இல்லீங்களே சார்."

"அப்ப வயித்துவலி?"

"அதும் இல்லீங்க."

"சரி, ஒறம்பரை சொந்தபந்தத்துல யாருக்காச்சும்..."

"எல்லாரும் நல்லா இருக்காங்க சார். அதனாலதானுங்க இன்னிக்கு லீவு போட முடியுது."

அறையில் நாங்கள் வாய்பொத்திச் சிரித்தோம். ஆனால் எனக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது. உங்கள் கணவர் இல்லை. மகனுக்குப் பிறவியிலேயே கால்கள் இரண்டும் செயல்படாது. பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்திருந்த அம்மாவுக்கு உங்கள் சம்பளத்தில் கால்வாசி போனது. விடுப்பு எடுத்த நாளிலும் அவரை வரவைத்துவிட்டு, கூலியையும் கொடுத்துவிட்டு, நீங்கள் எங்கோ பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "லீவு போட்டா மகனையாச்சும் பாத்துக்கலாமில்லீங்க?"

நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க தோட்டத்துல மோட்டாரை நிறுத்தாம ஓட்டுவீங்களா டீச்சர்? உள்ள காயில் கம்பி புகைஞ்சு போயிருமில்ல. அப்பறம் ஒரு பாத்திக்கும் தண்ணி இல்லீங்க" என்றீர்கள். பிறகு ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தத் தொடங்கிவிட்டீர்கள். எனக்கு அது சாமர்த்தியமான பதிலாகத்தான் பட்டது.

அப்போது என் வீடு எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கருமத்தம்பட்டியில் கடன் வாங்கி நான்கு விசைத்தறி போட்டிருந்தார். மாமியார் பக்கவாதம் வந்து பேச்சில்லாமல் படுத்திருந்தார். மகள்கள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். கடன் தவணைக்காகக் காலை ஐந்தரைக்கு ஒரு ட்யூஷன், பள்ளி விட்டதும் இன்னொன்று. நான் களைப்பாக இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை ஹாலில் பிள்ளைகள் காத்திருக்க, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தேன். போய் அரை மணி நேரம் இலக்கணம் நடத்தினேன். திரும்பி வந்து, இன்னும் கொடுக்கவில்லை என்று நினைத்து மறுபடி கொடுத்தேன். பேச முடியாத மனுஷி, என் கண்ணையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். எட்டு மணிக்குச் சர்க்கரை இறங்கிப்போய் உடம்பெல்லாம் வியர்த்துச் சில்லிட்டுக் கிடந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார்.

அவர் வீடு திரும்பிய மறுநாள் மதிய இடைவேளையில் உங்களிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். நீங்கள் தேற்றவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பெயரில் விண்ணப்பம் எழுதி, காரணத்துக்கு இடம் விட்டு என் பக்கம் தள்ளினீர்கள். நான் 'மாமியாரின் உடல்நலக் குறைவு' என்று எழுதப் போனேன்.

"அவங்க தேறிட்டாங்கன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"அப்ப என்னன்னு எழுதறதுங்க?"

"உங்களுக்கு என்னவோ அதை எழுதுங்க."

மணி அடிக்கும் வரை என்னால் எழுத முடியவில்லை டீச்சர். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லித் தந்தவளுக்குத் தன்னைப் பற்றி ஒரு வரி வரவில்லை. கடைசியில் 'களைத்துப் போயிருப்பதால்' என்று எழுதினேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், உங்கள் நாற்காலியைப் பார்த்தார். "இது ஒட்டுவாரொட்டி மாதிரி பரவுதுங்களே!" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

"ஊட்ல இருந்தா அது லீவு இல்லீங்க, எங்காச்சும் போயிருங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுத் தன் தாயோடு இருந்தார். நான் காந்திபுரம் போய், அங்கே புறப்படத் தயாராக நின்ற மதுக்கரை பஸ்ஸில் ஏறி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தது மட்டும்தான் தெரியும். கண்டக்டர் தோளருகே இருக்கையைத் தட்டினார்.

"ஏனுங்கக்கா, கடைசி ஸ்டாப்புங்க. எறங்கலீங்களா?"

"இது திரும்பப் போகுதுங்களா?"

"போகுமுங்க."

"அப்ப இன்னொரு டிக்கெட் குடுங்க."

அவர் என்ன நினைத்தாரோ, ஒன்றும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தார். அன்று இரண்டு முறை போய் வந்தேன்.

காலை ட்யூஷனை நிறுத்தப் போவதாகச் சொன்னதும் என் வீட்டுக்காரர் தவணையைப் பற்றிக் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "மூணு மாசம் ட்யூஷன்ல வந்தது மூணு நாள் ஆஸ்பத்திரில போயிருச்சுங்கண்ணா. இதை வரவுன்னு எந்தக் கணக்குல எழுதறது?" என்றீர்கள். பிறகு வங்கிக்குப் போய்த் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கொண்டோம். மகளின் பாட்டு வகுப்பு நின்றது. தீபாவளிக்குப் புதுப்புடவை இல்லை. அந்த நெருக்கடி பொய்யில்லை. ஆனால் மாமியார் இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தார், ஒரு மாத்திரைகூடத் தப்பவில்லை.

என்னுடையதைவிடப் பெரிய சுமை உங்களுடையது. உங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. தன் உடம்பைப் பற்றி உண்மை எழுத அத்தனை நிமிர்வு எங்கிருந்து வந்ததோ, இன்றுவரை எனக்கு வியப்புத்தான்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகனை அன்னூரில் உங்கள் தங்கை பார்த்துக்கொள்கிறார். மாதத்தில் ஒரு நாள் நான் அங்கே போகிறேன். அன்று அவருக்கு விடுப்பு. முதல் மாதம், "எங்கீங்க போறது?" என்று பையோடு வாசலில் நின்றார். "எனக்கெப்படிங்க தெரியும்? எதாச்சும் பஸ்ஸு வருமில்ல, ஏறுங்க" என்று அனுப்பினேன்.

அன்றுதான் முதன்முறையாக அவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கினேன். நாற்பது வயது ஆகிவிட்டது அவனுக்கு.

"துண்டை என் இடுப்புல சுத்திப் புடிச்சுக்கோங்க டீச்சர். முட்டியை மடக்குங்க, முதுகை மடக்காதீங்க. மூணு சொல்றப்பத் தூக்கோணும்."

"நீ பெரிய வாத்தியாரா இருக்கறயே கண்ணு!"

"எங்கம்மாவுக்கே நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன்."

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இரண்டடிதான் தூரம். உட்கார வைத்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சிரித்தான்.

"பள்ளிக்கூடம் கெளம்பறதுக்குள்ள அம்மா எத்தன தடவ தூக்குவாங்க கண்ணு?"

"அஞ்சு."

பிரார்த்தனை மணிக்கு என் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். புடவை மடிப்புக் கலைந்திருக்காது. "சாப்டீங்களா அம்மணி?" என்று என்னைக் கேட்பீர்கள். ஐந்து முறை தூக்கிவிட்டு வந்து, டீச்சர், பத்தொன்பது ஆண்டுகள் என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

பதினொரு மணிக்கு அவனை மறுபடி கட்டிலில் படுக்க வைக்க வேண்டியிருந்தது. துண்டைச் சுற்றி, முட்டியை மடக்கி, மூன்று வரை எண்ணித் தூக்கினேன். அது இரண்டாவது முறை.